அறுபதாவது ஆள்

படகுத்துறையில் அவளை எல்லோரும் சங்கிலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏறும் பலகையின் முனையில் இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே கொக்கி போட்ட ஒரு சங்கிலி. அதைத் திறப்பதும் மாட்டுவதும் அவள் வேலை. இடது உள்ளங்கையில் ஆள் எண்ணும் சின்னக் கருவி ஒன்று இருக்கும். ஒரு தலைக்கு ஒரு அமுக்கு. நூற்றிருபது வந்ததும் கொக்கி விழுந்துவிடும். அதற்கப்புறம் வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடுத்த படகுதான்.

ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையே நூற்றிருபத்தொன்றாவது ஆளாக வந்து மாட்டிக்கொண்டான். சொந்தபந்தமெல்லாம் படகில், மாப்பிள்ளை கரையில். கெஞ்சிப் பார்த்தான், கடிகாரத்தைக் காட்டிப் பார்த்தான். கடைசியில், "நான் இல்லாம கல்யாணம் எப்படிங்க நடக்கும்?" என்றான். "அதையேதான் நானும் சொல்றேன். நீங்க போற வரைக்கும் நடக்காது. நிதானமா வாங்க" என்றாள். இரண்டு கரையிலும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது. கண்டிப்பான பொம்பளை என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளுக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. இன்னொரு விதியும் இருந்தது, அலுவலகச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள்: சங்கிலிக்கு உள்ளே போய்விட்டவரை இறக்கக் கூடாது. அதை மீற வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை, அந்த மழைக்காலம் வரை.

மேற்கே மலைப்பக்கம் நாலு நாளாக மழை. ஆறு காவி நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு ஓடியது. போதாக்குறைக்கு நடு ஆற்றில் புதுப் பாலத்துக்காக எழுப்பியிருந்த ஏழு தூண்கள். மேலே தளம் இன்னும் போடவில்லை, வெறும் தூண்கள்தான். அவற்றைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. படகு வழக்கமான பாதையை விட்டு வெகு தூரம் வளைந்து போக வேண்டியிருந்தது.

படகைச் செலுத்துகிறவரைச் சுக்கான்காரர் என்பார்கள். வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். அன்று காலை பத்து மணிக்கு அவர் இறங்கி வந்து, "அறுபது பேரோட நிறுத்திடு. இது ஒண்ணுதான். திரும்பி வந்து கட்டிட்டா வெள்ளம் வடியற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

வரிசையில் இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். அறுபது என்றதும் ஒரு பெரிய முனகல் எழுந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள். ஐம்பத்தேழு, துணி மூட்டையோடு ஒரு பருத்த வியாபாரி. ஐம்பத்தெட்டும் ஐம்பத்தொன்பதும் ஒரு போலீஸ்காரரும் அவர் மனைவியும். அறுபதாவது ஆள், கையில் தோல் பையோடு ஒரு மெலிந்த மனிதர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று அவளுக்கு முகம் தெரியும். அவர் உள்ளே போனதும் கொக்கியை மாட்டினாள்.

மாட்டிய கையை எடுக்கவில்லை, அவளுடைய அண்ணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"உங்க அண்ணன் பாலத்துலேர்ந்து விழுந்துட்டாராம்! அக்கரை ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்களாம். உடனே வாங்கன்னு போன் வந்துச்சு. என்னை ஏத்தி விடு, உன் கால்ல விழறேன்!"

அண்ணன் பாலம் கட்டுமிடத்தில் இரும்பு வளைக்கிறவர். அந்தத் தூண்களின் உயரத்தை அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அம்மா போனபின் அவளைப் படிக்கவைத்துக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தது அந்த அண்ணன்தான்.

"ஒருத்தர் கூட சேர்த்துக்கலாமா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். சுக்கான்காரர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

சங்கிலியைத் தாண்டிப் படகுக்குள் போனாள். அவள் கண்கள் முகங்களின் மேல் ஓடின. வியாபாரியைச் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவார். போலீஸ்காரரைச் சொல்லவே முடியாது. பிள்ளையோடு இருந்தவர்கள், வயதானவர்கள், கத்தக்கூடியவர்கள் எல்லாரையும் கடந்து வந்து அவள் கண் கண்ணாடிக்காரரிடம் நின்றது. தனி ஆள். சாதுவான முகம்.

"சார், ஒரு உயிர் விஷயம். நீங்க இறங்கிக்குங்க. அடுத்த படகுல போகலாம்."

அடுத்த படகு இன்றைக்குக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "சரிங்கம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு பலகை வழியாக இறங்கினார். படகில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னைச் சொல்லவில்லை என்ற நிம்மதி எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

அண்ணி ஏறினாள். படகு போயிற்று.

கண்ணாடிக்காரர் சாயங்காலம் வரை துறைக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையும் வந்தார். "இன்னைக்குப் போகுமா?" என்று கேட்டார். "போகாதுங்க" என்றாள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை. மூன்றாம் நாளும் வந்து அதே கேள்வியைக் கேட்டார், அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

நாலாம் நாள் தண்ணீர் இறங்கியது. முதல் படகு போய்த் திரும்பியதில் அண்ணியும் அண்ணனும் வந்து இறங்கினார்கள். அண்ணனின் வலது கை தூளியில் தொங்கியது.

"பலகை சறுக்கிக் கீழ்த் தட்டுல விழுந்திருக்கார், அவ்வளவுதான். தோள் எலும்பு" என்றாள் அண்ணி, சிரிப்பும் அழுகையுமாக. "நான் அடிச்சுப் பிடிச்சுப் போனா மனுஷன் கட்டில்ல சம்மணம் போட்டு டீ குடிச்சிட்டிருக்கார். 'இந்த வெள்ளத்துல உன்னை யார் வரச் சொன்னது'ன்னு எனக்கே திட்டு!"

"ஒரு கைதான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒன்பது வருஷத்தில் துறையில் நின்று அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

அவர்கள் போனபின் சுக்கான்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "அன்னைக்கு இறக்கினியே, கண்ணாடிக்காரர். காலையில போனார். எதுக்குன்னு கேட்டேன்."

"எதுக்காம்?"

"அவங்க அப்பா. அவர் இறங்கின அன்னைக்கே முடிஞ்சுபோச்சாம். அடக்கமும் ஆயிடுச்சு. சும்மா அக்கா வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போறேன்னு சொன்னார்."

அன்று அவள் எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கணவர் தையல்காரர், பொறுமைசாலி. "உனக்குத் தெரிஞ்சா செஞ்சே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தெரிந்து செய்யவில்லைதான். ஆனால் யாரை இறக்கலாம் என்று முகங்களைப் பார்த்துக்கொண்டு போனபோது எதைத் தேடினாள் என்பது அவளுக்குத் தெரியும். அவசரம் இல்லாத ஆளைத் தேடவில்லை. எதிர்த்துப் பேசாத ஆளைத் தேடினாள். அதைக் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

விடுமுறை நாளில், மதியம், கண்ணாடிக் கடைக்குப் போனாள். குறுகலான கடை. ஒரு சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகும் எழுத்துகள் அச்சிட்ட அட்டை. எதிரே ஒரு நாற்காலி. அவர் மேஜை விளக்கின் கீழே ஒரு சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாடிக்கையாளர் என்று நினைத்து அந்த நாற்காலியைக் காட்டினார். பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள் நின்றபடியே. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சார் சொல்லலை?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"அப்பாவும் நானும் பேசிப் பதினோரு வருஷம். ஒரு நாள் அவரை நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவர் உடம்பு ரொம்ப மோசமானதும் அக்கா போன் பண்ணினாங்க, உன்னைத்தான் கேக்கறார்னு. கிளம்பிட்டேன். ஆனா போய் என்ன பேசறது? அந்தப் படகுல ஏறி நின்னப்பவும் மனசுல அதே கேள்விதான். அப்ப நீங்க வந்து இறங்குங்கன்னு சொன்னீங்க." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. சத்தியமா. அப்பாடான்னு இருந்துச்சு. அதனாலதான் வாயை மூடிக்கிட்டேன். மறுநாள் நான் துறைக்கு வந்ததெல்லாம் அதை எனக்கு நானே மறைக்கத்தான்."

அவள் மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்காகிட்ட, நீங்க இறக்கிட்டீங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன்" என்றார் அவர். "அது பொய் இல்லையே."

"பொய் இல்லைங்க" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். பாதிச் சுமையை அவர் எடுத்துக்கொண்ட மாதிரிதானே. ஆனால் அது பாதியாகவில்லை. இருவரிடமும் முழுசு முழுசாக இருந்தது.

பத்து நாள் கழித்துத் துறை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிக்காரரின் அக்கா எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருந்தாள்: விதியை மீறி, தன் சொந்தக்காரிக்காக, சாகக் கிடக்கும் தகப்பனைப் பார்க்கப் போன மனிதரை இறக்கிவிட்டார்கள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. தகரக் கூரை, ஒரு மேஜை, சுவரில் ஆற்று நீர்மட்டம் எழுதும் கரும்பலகை. மேஜையின் ஒரு பக்கம் சங்கிலியம்மா நின்றாள். எதிர்ப்பக்கம் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா அக்கரையில் சலவைக்கடை நடத்துகிறவள். சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போன கைகள். கடைசி ஐந்து வருஷம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டதும் அதே கைகள்தான்.

மேனேஜர் சங்கிலியம்மாவைக் கேட்டார். "இவரை இறக்கினது உண்மையா?"

"உண்மைதான் சார்."

"யாருக்காக?"

"எங்க அண்ணிக்காக."

மேனேஜர் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்காகப் போறீங்கன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வியாகப் பார்க்கவில்லை. பதில் தெரிந்தவள் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"சொன்னேன்" என்றார் அவர்.

"என்ன சொன்னீங்க?"

"அப்பா சாகக் கிடக்கார்னு சொன்னேன். கெஞ்சினேன்."

கெஞ்சினேன் என்ற வார்த்தை யாரும் கேட்காமலே அவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. அவர் சங்கிலியம்மா பக்கம் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இப்படிச் சொல்றாரே? நிஜமா?"

இல்லை என்று சொல்லலாம். படகில் அறுபது பேர் இருந்தார்கள், யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். கடையில் அவரே தன் வாயால் சொன்னதையும் போட்டு உடைக்கலாம். அவள் வாயெடுத்தாள். அப்போது அந்த அக்கா வெடித்த கையால் தம்பியின் தோளைப் பிடித்து, "பாவம்டா நீ" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா சார்" என்றாள் சங்கிலியம்மா. "சொன்னார். நான்தான் கேக்கலை."

மேனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டார். ஒன்பது வருஷமாக அவளை அறிந்தவர். அவர் முகம் விழுந்துபோனதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

சங்கிலி வேலையிலிருந்து எடுத்துக் கயிற்றுக் கொட்டகையில் போட்டார்கள். நனைந்த வடங்களை உலர்த்துவது, நைந்த இடத்தை வெட்டிப் பின்னுவது. கை இரண்டும் கிழிந்தது. துறையில் பேச்சு வேகமாகப் பரவியது. மாப்பிள்ளைக் கதையைச் சொன்ன அதே வாய்கள் இப்போது இந்தக் கதையைச் சொல்லின. "கண்ணீர் விட்டுக் கெஞ்சினாராம், கல்லு மாதிரி நின்னாளாம்."

வீட்டில் அண்ணி வந்து அழுதாள். அண்ணன் எலும்பு சேர்ந்த கையை மேஜையில் தட்டினார். "அவர் வாயே திறக்கலைன்னு, அங்கேயே நின்னு பார்த்த உங்க அண்ணி சொல்றா. நான் போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்!" அவள்தான் தடுத்தாள்.

"நீ அவரைக் காப்பாத்தினதா நினைக்கறியா?" என்று கணவர் கேட்டார், கோபமில்லாமல்.

"தெரியலை."

"பின்னே ஏன்?"

"அதுவும் தெரியலை" என்றாள்.

சலவைக்கடை அக்கா மாதம் இரண்டு மூன்று தடவை இக்கரைக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் கயிற்றுக் கொட்டகை வாசலில் நின்று, பத்துப் பேர் கேட்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுத்தான் போவாள். சங்கிலியம்மா குனிந்த தலை நிமிராமல் கயிறு பின்னிக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்காரரோ துறைப் பக்கமே வருவதில்லை. கடையும் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்று சுக்கான்காரர் சொன்னார்.

நாலு மாதம் இப்படியே போயிற்று. ஆற்றில் தூண்களின் மேல் தளம் பாதி வந்துவிட்டது. ஒரு முற்பகல் அந்த அக்கா மறுபடி வந்தாள். வழக்கம் போல வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, சுருட்டி வைத்திருந்த வடத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"நேத்து என் தம்பி வந்தான். எல்லாத்தையும் சொல்லிட்டான்."

சங்கிலியம்மாவின் கை நின்றது.

"நீ ஏன் ஆமான்னு சொன்னே?"

சங்கிலியம்மா கயிற்றைக் கீழே வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ யாரு, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து பொய் சொல்ல?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாலு மாசமா அவன் என் முகத்தைப் பார்க்கலை. அப்பா போன துக்கம்னு நினைச்சேன். அன்னைக்கே அவன் மாட்டியிருந்தா, நான் ரெண்டு அறை விட்டிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதிருப்போம். பதினோரு வருஷம் கழிச்சு அந்தப் படகுல ஏறினானே, அதுவே எனக்குப் போதும்னு சொல்லியிருப்பேன். சொல்ல விட்டியா நீ? அப்பாவுக்காக நான் அழவே இல்லை. உன்னைத் திட்டியே நாலு மாசத்தை ஓட்டிட்டேன்."

"தப்புதாங்க."

"எல்லாத்துக்கும் தப்புதாங்கன்னு சொல்லிட்டா ஆச்சா? எதுக்கு அவனைப் பார்த்து இறக்கினே? அறுபது பேர் இருந்தாங்களே."

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மேனேஜர்கூடக் கேட்கவில்லை.

"சண்டை போட மாட்டார்னு தோணுச்சுங்க. அதனால."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"போட மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். தட்டுல இருக்கிறதை எடுத்தாலும் கேக்க மாட்டான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சண்டை போட்டான், அதுவும் அப்பாகிட்ட. அதான் பதினோரு வருஷம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புகாரை வாபஸ் வாங்கட்டுமா?"

"வேண்டாங்க. இறக்கினது உண்மைதானே."

படகு ஊதியது. அக்கா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நான் உன்னை மன்னிக்கலை. அதுக்காக வரலை. ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன், அவன்கிட்ட நான் இதைச் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ஆனா யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். அப்பா அன்னைக்கு மதியம் வரைக்கும் நல்ல நினைவாத்தான் இருந்தார். கதவைத் திறந்தே வைன்னார். ஒவ்வொரு தடவை கதவு ஆடினப்பவும் தலையைத் தூக்கிப் பார்த்தார்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று பலகையை நோக்கி நடந்தாள். புதிதாகச் சங்கிலிக்கு வந்திருந்தவர் அவளை எண்ணி உள்ளே விட்டார்.

சங்கிலியம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. அடுத்த வருஷம் பாலம் திறந்து படகு நின்றபோது, துறை ஆட்களுக்கெல்லாம் பாலத்தில் வேலை கொடுத்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கணவரின் தையல் கடையில் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் எதையாவது அவசரமாகக் கேட்டால், "எதுக்கு, என்ன விஷயம்?" என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் துணியை வாங்குவாள். சிலர் அதற்குச் சலித்துக்கொண்டார்கள்.